ஸ்கூல் விட்டதுக்கப்புறம் நடத்துற க்ளாஸ்ல பசங்களுக்கு நிஜமா படிப்பு ஏறணும்னா எப்படி நடத்தணும்

வசதி கம்மியான வீட்டுப் பசங்க படிக்கிற ஸ்கூல்ல சாயங்காலம் ஒரு க்ளாஸ் ஆரம்பிக்கலாம்னு யாராவது சொன்னா உடனே பேச்சு போறது இடம் எது, எத்தனை மணிக்கு, யார் சொல்லிக்குடுப்பா, சாப்பிட ஏதாவது குடுக்க காசு எங்க இருந்து வரும்னுதான். இதெல்லாம் வேண்டியதுதான், ஆனா வருஷக் கடைசில "சரி, பசங்க முன்னைவிட நல்லா படிக்கிறாங்களா"னு கேட்டா நிறைய இடத்துல பதில் வராது. ஒரு மணி நேரம் கூட உட்கார வெச்சா ஒரு மணி நேரத்துக்கான படிப்பு கூட ஏறும்னு நாம மனசுக்குள்ள ஒரு கணக்கு போட்டுக்கறோம், அந்தக் கணக்குதான் தப்பு.

சும்மா சொல்லல. அமெரிக்காவுல ஏழைப் பசங்க அதிகமா படிக்கிற ஸ்கூல்கள்ல சாயங்கால சென்டர் நடத்த "21ஸ்ட் செஞ்சுரி கம்யூனிட்டி லேர்னிங் சென்டர்ஸ்"னு அரசாங்கத் திட்டம் ஒண்ணு இருக்கு, 2000ங்களோட தொடக்கத்துல அதுக்கு வருஷத்துக்கு சுமார் 100 கோடி டாலர் போச்சு. மேத்தமேட்டிகாங்கற ஆய்வு நிறுவனம் அதை எடுத்து ஒழுங்கா சோதிச்சுது, சின்ன க்ளாஸ் பசங்க விஷயத்துல சீட்டு குலுக்கிப் போட்டு யாருக்கு இடம், யாருக்கு இல்லைன்னு பிரிச்சு ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டாங்க. 2003லயும் 2005லயும் ரிப்போர்ட் வந்துச்சு. வாசிப்பு டெஸ்ட்ல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. பசங்க பாதுகாப்பா இருக்கறதா உணர்ந்தாங்க, அது நல்ல விஷயம்தான், ஆனா படிப்பு நகரல.

இப்ப இன்னொண்ண பாருங்க. டெல்லியில அரசு ஸ்கூல் பசங்களுக்கு, அதுவும் ஸ்கூல் நேரத்துக்கு வெளியதான், மைண்ட்ஸ்பார்க்னு சென்டர்கள் நடந்துச்சு. 90 நிமிஷம் க்ளாஸ், வாரத்துக்கு ஆறு நாள், அதுல பாதி நேரம் கம்ப்யூட்டர்ல மைண்ட்ஸ்பார்க் சாஃப்ட்வேர், பாதி நேரம் ஒரு ஆள் சின்ன குரூப்பா உட்கார வெச்சு சொல்லிக்குடுக்கறது. முரளிதரன், சிங், கனிமியன்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள் இதையும் குலுக்கல் முறையிலதான் சோதிச்சாங்க, 2019ல பேப்பர் வந்துச்சு. நாலரை மாசத்துல கணக்குல 0.37, ஹிந்தியில 0.23 ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (பசங்க மார்க் எவ்வளவு பரவியிருக்குன்னு சொல்ற அளவு) ஏறியிருந்துச்சு. புரியற மாதிரி சொன்னா 100 பசங்கள மார்க் படி நிறுத்தினா சரியா நடுவுல நிக்கிற பையன் கணக்குல 64வது ஆள் அளவுக்கு வந்துட்டான்னு வெச்சுக்கலாம். அதுவும் இடம் கிடைச்ச பசங்க சராசரியா பாதிக்கு கொஞ்சம் மேல நாள்தான் வந்தாங்க, முழுசா வந்திருந்தா இன்னும் ஏறியிருக்கும்னு அந்த பேப்பர்லயே கணக்கு இருக்கு.

ரெண்டுமே ஏழைப் பசங்களுக்கு, ரெண்டுமே ஸ்கூல் நேரத்துக்கு வெளிய. ஒண்ணுல நகரல, ஒண்ணுல நல்லா நகர்ந்துச்சு. நடுவுல என்ன வித்தியாசம்னு புரிஞ்சிக்கிட்டா க்ளாஸ எப்படி நடத்தணும்னு பாதி புரிஞ்ச மாதிரி.

முதல்ல எந்த படில நிக்கிறாங்கன்னு பாருங்க

புக்க தொறக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை இது. அஞ்சாம் க்ளாஸ் பையன்னா அஞ்சாம் க்ளாஸ் பாடம்னு ஆரம்பிச்சீங்கன்னா காலைல க்ளாஸ்ல புரியாதது சாயங்காலமும் புரியாது, களைப்புதான் மிஞ்சும். டெல்லி ஆய்வுல அந்த சாஃப்ட்வேர் காட்டின விஷயம், ஆறாம் க்ளாஸ் பசங்க கணக்குல சராசரியா ரெண்டரை க்ளாஸ் பின்னாடி இருந்தாங்க, மேல போகப் போக அந்த இடைவெளி இன்னும் பெருசாச்சு. அதாவது டீச்சர் நடத்துற பாடம் ஒரு இடத்துல, பையன் நிக்கிறது வேற இடத்துல, நடுவுல பாலமே இல்ல.

சோதிக்கறதுக்கு பெரிய கொஸ்டின் பேப்பர் எல்லாம் வேணாம். பிரதம்ங்கற கல்வித் தொண்டு அமைப்பு 2005ல இருந்து இந்தியா முழுக்க கிராமங்கள்ல ஏசர்னு ஒரு சர்வே எடுக்குது, அதுல வாசிப்புக்கு எழுத்து, சொல், ஒரு சின்ன பத்தி, ஒரு சின்ன கதைன்னு நாலே படி, கணக்குக்கு ஒத்தை இலக்க எண் தெரியுதா, ரெண்டு இலக்கம் தெரியுதா, கடன் வாங்கி கழிக்க தெரியுதா, வகுக்க தெரியுதான்னு அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு அஞ்சு நிமிஷம் போதும். 30 பேர்னா ரெண்டு பேர் உட்கார்ந்தா ஒரே சாயங்காலத்துல கூட முடிச்சிடலாம், அவசரப்படாம ரெண்டு நாள் எடுத்துக்கிட்டா இன்னும் நல்லது. ஒவ்வொருத்தரா தனியா கூப்பிட்டு, மத்தவங்க காதுல விழாத தூரத்துல பண்ணுங்க, ஏன்னா ஏழாம் க்ளாஸ் பையன் எழுத்துக் கூட்டி படிக்கறத நாலு பேர் பாத்து சிரிச்சாங்கன்னா மறுநாள் அவன் வர மாட்டான், அதுக்கப்புறம் எவ்வளவு நல்ல பாடம் வெச்சாலும் அவனுக்கு பிரயோஜனம் இல்ல.

டெஸ்ட்னா சரி, தப்புன்னு டிக் போடறது மட்டும் இல்ல. ஒரு அஞ்சாம் க்ளாஸ் பொண்ணுகிட்ட 52ல இருந்து 27 கழிக்க சொல்றீங்க, 35னு எழுதுறா. உடனே "தப்பு, கடன் வாங்கணும்ல"னு சொல்லிடாதீங்க. "எப்படி போட்ட, சொல்லு பாப்போம்"னு கேளுங்க. "ரெண்டுல ஏழு போகாது, அதனால ஏழுல ரெண்டு போச்சு அஞ்சு, அஞ்சுல ரெண்டு போச்சு மூணு"ன்னு கடகடன்னு சொல்லுவா. அடுத்து 61ல 48 குடுங்க, 27னு போட்டான்னா உறுதி, இது கவனக்குறைவு இல்ல, அவ மனசுல ஒரு விதி இருக்கு, பெரிய நம்பர்ல இருந்து சின்ன நம்பர கழிக்கணும்னு, அந்த விதிய ஒழுங்கா ஃபாலோ பண்றா. 52ங்கறது அஞ்சு பத்தும் ரெண்டு ஒண்ணும்னு அவளுக்கு இன்னும் பதியல, அஞ்சுன்னு ஒரு நம்பரும் ரெண்டுன்னு ஒரு நம்பரும் பக்கத்துல பக்கத்துல நிக்குது அவ்வளவுதான். இவளுக்கு இன்னும் 50 கழித்தல் கணக்கு போட சொன்னா 50 தடவ அதே தப்பான விதிய பழகிக்குவா.

பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டு கட்டின குச்சி அஞ்சு கட்டு, உதிரி ரெண்டு அவ முன்னாடி வைங்க. "இதுல இருந்து 27 எனக்கு குடு". உதிரி ரெண்டையும் எடுப்பா, முழிப்பா, கட்டை பாப்பா, உங்கள பாப்பா. ஒண்ணும் சொல்லாதீங்க, இந்த இடத்துல வாய மூடிட்டு இருக்கறதுதான் கஷ்டமான வேலை. கொஞ்ச நேரத்துல ஒரு கட்ட பிரிப்பா. பிரிச்சதும் உதிரி 12, அதுல ஏழு குடுத்தா அஞ்சு மிச்சம், நாலு கட்டுல ரெண்டு குடுத்தா ரெண்டு கட்டு மிச்சம், கையில இருக்கறது 25. அதுக்கப்புறம் அதையே பேப்பர்ல எழுத வைங்க. கடன் வாங்கறதுன்னு நாம சொல்றது கட்ட பிரிக்கறதுதான்னு ஒரு தடவ கைல தெரிஞ்சிடுச்சுன்னா போதும், நீங்க விதிய சொல்லிக்குடுக்க வேண்டிய அவசியமே வராது.

வாசிப்பும் அப்படித்தான். "பள்ளம்"னு இருக்கறத "பள்ளி"ன்னு படிச்சான்னா அவன் முதல் எழுத்த பாத்துட்டு மிச்சத்த ஊகிக்கிறான்னு அர்த்தம், அவனுக்கு எழுத்து தெரியாதுன்னு அர்த்தம் இல்ல. எழுத்தே தெரியாத பிள்ளைக்கு குடுக்க வேண்டிய வேலை வேற, ஊகிச்சு படிக்கிற பிள்ளைக்கு குடுக்க வேண்டிய வேலை வேற. இந்த மாதிரி ஒவ்வொரு பேருக்கு நேரா ஒரு வரி எழுதி வெச்சிக்கிட்டா அந்த நோட்டுதான் உங்க சிலபஸ்.

குரூப்ப வயசு வெச்சு பிரிக்காதீங்க

படி வெச்சு பிரிங்க. கழித்தல் வராத மூணாம் க்ளாஸ் பொண்ணும் அஞ்சாம் க்ளாஸ் பொண்ணும் ஒரே குரூப்ல உட்காரலாம், தப்பே இல்ல. ரொம்ப வயசு வித்தியாசம் வந்தா மட்டும் பெரிய பசங்களுக்கு கூச்சமா இருக்கும், அப்ப அவங்கள தனி குரூப்பா வைங்க, பாடம் அதேதான். குரூப்புக்கு "ஸ்லோ"ன்னு பேர் வெச்சிடாதீங்க, நம்பர் கூட வேணாம், பசங்க ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிடுவாங்க எது மேல எது கீழன்னு. ஆறு வாரத்துக்கு ஒருக்கா திரும்ப அந்த அஞ்சு நிமிஷ டெஸ்ட் வெச்சு மாத்துங்க. மாத்தவே மாத்தாத குரூப் இருந்துச்சுன்னா அது முத்திரை குத்தின மாதிரி ஆயிடும்.

ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளைங்கன்னா, கம்மியா இருந்தா நல்லது, இது எல்லாருக்கும் தெரியும். 10 பேர் வரைக்கும் ஒழுங்கா பாத்துக்கலாம். வாசிப்புல ரொம்ப பின்னாடி இருக்கற பிள்ளைக்கு மட்டும் வாரத்துல கொஞ்ச நேரமாவது ஒருத்தருக்கு ஒருத்தர்னு கிடைச்சா பெரிய வித்தியாசம் தெரியும், 2006ல லாவர்ங்கற ஆய்வாளரும் அவரோட குழுவும் 35 ஆய்வுகள தொகுத்து பாத்தப்பவும் வாசிப்புல அதிகமா பலன் குடுத்தது இந்த ஒத்தைக்கு ஒத்தை முறைதான்.

ஹோம்வொர்க் பத்தி கொஞ்சம் கசப்பா பேசுவோம்

சாயங்கால க்ளாஸ் நடக்கற பாதி இடத்துல நடக்கறது ஹோம்வொர்க் முடிக்கறதுதான். பெத்தவங்களுக்கு சந்தோஷம், டீச்சருக்கு சந்தோஷம், பிள்ளைக்கும் வீட்டுக்கு போனா விளையாடலாம். ஆனா கழித்தல் வராத பொண்ணுக்கு பின்னக்கணக்கு ஹோம்வொர்க் வந்திருக்கும், நீங்க பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு வரியா சொல்லி சொல்லி முடிக்க வெப்பீங்க, நோட்டு நிறையும், தலைக்குள்ள ஒண்ணும் போயிருக்காது. மேல சொன்ன அமெரிக்க ஆய்வுல இன்னொரு விஷயம் என்னன்னா பெரும்பாலான சென்டர்ல ஹோம்வொர்க் உதவி இருந்துச்சு, அப்படி இருந்தும் சென்டருக்கு வந்த பசங்க வராத பசங்கள விட அதிகமா ஹோம்வொர்க் முடிச்சாங்கன்னு சொல்ல முடியல!

இதை நேரடியாவே சோதிச்சு பாத்திருக்காங்க. எம்டிஆர்சிங்கற அமெரிக்க ஆய்வு நிறுவனம், 2009ல ரிப்போர்ட், சாயங்கால சென்டர்கள்ல ஒரு பக்கம் வழக்கமான ஹோம்வொர்க் உதவி, இன்னொரு பக்கம் 45 நிமிஷம் திட்டமிட்ட பாடம், குரூப்புக்கு சுமார் 10 பேர். கணக்குல திட்டமிட்ட பாடம் படிச்ச பசங்க கொஞ்சம் முன்னாடி வந்தாங்க. வாசிப்புல வரல. கணக்குலயும் ரெண்டாவது வருஷம் அதே பாடத்த படிச்சதுக்கு கூடுதலா ஒண்ணும் கிடைக்கல. இதுல இருந்து நான் எடுத்துக்கறது ரெண்டு விஷயம், ஒண்ணு ஹோம்வொர்க்க விட பாடம் மேல், ரெண்டு ஒரு நல்ல பாடப்புத்தகம் இருக்குன்னு அதையே வருஷா வருஷம் எல்லாருக்கும் ஓட்டினா வேலைக்கு ஆகாது.

ஹோம்வொர்க்க சுத்தமா தள்ளிடவும் முடியாது, மறுநாள் திட்டு வாங்குறது பிள்ளைதான். 90 நிமிஷம் இருந்தா கடைசி 20 நிமிஷம் அதுக்கு குடுங்க. முதல் 20 நிமிஷம் குடுத்தீங்கன்னா அது 60 நிமிஷமா இழுக்கும், எப்பவுமே இழுக்கும். க்ளாஸ் டீச்சர்கிட்ட போய் "இந்த நாலு பிள்ளைங்களுக்கு மட்டும் ரெண்டு மாசம் ஹோம்வொர்க் கம்மி பண்ணுங்க, நாங்க அடிப்படைய ஏத்திவிடுறோம்"னு கேளுங்க, ஒத்துக்கற டீச்சர்கள் இருக்காங்க, கேட்கறதுதான் இல்ல.

அப்ப அந்த 90 நிமிஷத்த எப்படி பிரிக்கலாம்? வந்ததும் பத்து நிமிஷம் சாப்பிடவும் ஓடியாடவும் விடுங்க, பசியோட உட்கார வெச்சா ஒண்ணும் ஏறாது, இது சலுகை இல்ல, பாடத்தோட ஒரு பகுதி. அப்புறம் 30 நிமிஷம் வாசிப்பு, 30 நிமிஷம் கணக்கு, மிச்சம் ஹோம்வொர்க். தினமும் இதே வரிசைல இருக்கட்டும். டூர்லாக், வைஸ்பெர்க், பச்சான்னு மூணு பேர் 2010ல 68 ஆய்வுகள தொகுத்தாங்க, அதெல்லாம் பசங்களோட பழக்கவழக்கத்தையும் தன்னம்பிக்கையையும் வளர்க்கற சாயங்கால திட்டங்கள். அதுல பாடம் படிப்படியா அமைஞ்சு, பசங்க கையால செஞ்சு பழகி, அதுக்குன்னு தனியா நேரம் ஒதுக்கி, என்ன கத்துக்கப்போறோம்னு தெளிவா வெச்சிருந்த திட்டங்கள்ல மார்க்கும் ஏறுச்சு. இந்த நாலும் இல்லாத திட்டங்கள்ல ஒண்ணுமே தெரியல. இன்னைக்கு இந்த குரூப் எதை பழகப்போகுதுன்னு ஒரு வரில சொல்ல முடியலைன்னா அன்னைக்கு க்ளாஸ் ரெடி ஆகலைன்னு அர்த்தம்.

பசங்க வர வைக்கறது

எல்லாம் சரியா வெச்சும் பசங்க வரலைன்னா? அமெரிக்க திட்டத்துல நடுத்தர க்ளாஸ் பசங்க, அதாவது 11 முதல் 14 வயசு வரைக்கும் உள்ளவங்க, சராசரியா வாரத்துக்கு ஒரு நாள்தான் வந்தாங்க. வாரத்துக்கு ஒரு நாள் வந்தா போன வாரம் விட்ட இடத்த ஞாபகப்படுத்தவே நேரம் போயிடும். அதே நாட்டுல 2002ல வந்த கல்விச் சட்டத்துல பின்தங்கின ஸ்கூல் பசங்களுக்கு அரசு செலவுல தனியார் டியூஷன் ஏற்பாடு பண்ணாங்க, சில கம்பெனிங்க மணிக்கு இவ்வளவுன்னு அதிகமா ரேட் வெச்சதால ஒரு பிள்ளைக்கு கிடைச்ச மணி நேரமே குறைஞ்சு போச்சு. ஹைன்ரிக்ங்கற ஆய்வாளரும் அவரோட கூட்டாளிகளும் பெரிய நகரங்கள்ல ஆராஞ்சு பாத்து சொன்னது, சுமார் 40 மணி நேரத்த தாண்டினாதான் பலன் கண்ணுக்கு தெரிய ஆரம்பிக்குதுன்னு. 40ங்கறது எங்கயும் எப்பவும் மாறாத நம்பர்னு எடுத்துக்காதீங்க, ஆனா திட்டம் போட நல்ல அளவுகோல். பாடத்துக்கு மட்டும் தினம் ஒரு மணி நேரம், வாரத்துக்கு நாலு நாள்னா பத்து வாரத்துல 40 மணி வந்துடும், ஆனா பிள்ளை பாதி நாள்தான் வருதுன்னா 20 வாரம், அதாவது கிட்டத்தட்ட அரை வருஷம். உங்க திட்டம் மூணு மாசத்துக்குன்னா, வருகை பாதின்னா, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பதில் தெரிஞ்சுபோச்சு.

வராத பிள்ளைய "அக்கறை இல்ல"ன்னு சொல்றது சுலபம். காரணம் கேட்டு பாருங்க. தம்பிய பாத்துக்கணும், அம்மா வேலை முடிஞ்சு வர லேட் ஆகும். இருட்டினப்புறம் பொண்ண தனியா அனுப்ப மாட்டேங்கறாங்க. கடைசி பஸ் போயிடும். மூத்த பையன் சாயங்காலம் வேலைக்கு போறான். இதுக்கெல்லாம் பாடம் மருந்து இல்ல, ஏற்பாடுதான் மருந்து. தம்பியையும் கூட்டிட்டு வரட்டும், ஒரு ஓரமா பாயும் நாலு படம் போட்ட புக்கும் போட்டு வைங்க, அக்கா நிம்மதியா படிப்பா. இருட்டுறதுக்கு முன்னாடி முடிங்க, அது முடியலைன்னா ஒரே பக்கம் போறவங்கள சேர்த்து ஒரு பெரியவங்க கூட அனுப்புங்க. வேலைக்கு போற பையனுக்கு ஸ்கூல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி காலைல முக்கால் மணி நேரம் குடுக்க முடியுதா பாருங்க. ரெண்டு நாள் தொடர்ந்து வரலைன்னா மூணாவது நாள் வீட்டுக்கு ஒரு போன், "ஏன் வரல"ன்னு அதட்டாம "நேத்து அவன் வகுத்தல் சூப்பரா போட்டான், இன்னைக்கு காணோமே"ன்னு. இந்த ஒரு போன் வேலைய ஒரு ஆளுக்குன்னு பொறுப்பா குடுத்துடுங்க, "யாராவது பண்ணுவாங்க"ன்னு விட்டா யாரும் பண்ண மாட்டாங்க.

வயசு 12க்கு மேல போயிட்டா இன்னும் கஷ்டம், அவங்களுக்கு சாயங்காலம் வேற ஆயிரம் விஷயம் இருக்கு. அவங்கள இழுக்கறது விளையாட்டு, பாட்டு, கம்ப்யூட்டர் மாதிரி ஏதாவது ஒண்ணு. வெச்சிக்கோங்க, தப்பில்ல, ஆனா பாடம் முடிஞ்சப்புறம் வைங்க.

யார் சொல்லிக்குடுக்கறது

பி.எட் முடிச்சவங்கதான் வேணும்னு இல்ல. மும்பைலயும் வதோதராவுலயும் பிரதம் நடத்தின பால்சகி திட்டத்துல அந்தந்த பகுதியில இருந்தே படிச்ச இளம்பெண்கள் பின்தங்கின பசங்கள தனியா உட்கார வெச்சு அடிப்படை மட்டும் சொல்லிக்குடுத்தாங்க, பயிற்சி ரெண்டு வாரம்தான். பானர்ஜி, கோல், டுஃப்லோ, லிண்டன் சோதிச்சு 2007ல எழுதினாங்க, முதல் வருஷம் 0.14, ரெண்டாவது வருஷம் 0.28 ஸ்டாண்டர்ட் டீவியேஷன் ஏறுச்சு. அது ஸ்கூல் நேரத்துக்குள்ள நடந்தது, அத சொல்லிடணும். ஸ்கூலுக்கு வெளிய நடந்ததுக்கு உதாரணம் வேணும்னா, தமிழ்நாட்டுல கொரோனாவுக்கு அப்புறம் 2021 அக்டோபர்ல ஆரம்பிச்ச இல்லம் தேடிக் கல்வி, தன்னார்வலர்கள் சாயங்காலம் ஒண்ணு ஒன்றரை மணி நேரம் நடத்தினது. சிங், ரோமெரோ, முரளிதரன் கிட்டத்தட்ட 19,000 கிராமத்துப் பிள்ளைங்கள வெச்சு பாத்ததுல, ஸ்கூல் திறந்து ஆறு மாசத்துல இழந்த படிப்புல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துச்சு, அப்படி திரும்பினதுல கால்வாசி கிட்ட இந்த சாயங்கால வகுப்பால வந்ததுன்னு கணக்கு போட்டிருக்காங்க.

அதனால ஆள் பெரிய படிப்பு படிச்சிருக்கணும்ங்கறது இல்ல, நின்னு நிலைக்கணும். மூணு மாசத்துக்கு ஒருக்கா ஆள் மாறினா பிள்ளைங்க திரும்ப முதல்ல இருந்து பழகணும், அந்த பொண்ணு 52ல 27 கழிச்சு 35னு போட்டது எதனாலன்னு புது ஆளுக்கு தெரியாது. சம்பளம் சின்னதா இருந்தாலும் தேதி தவறாம குடுங்க. வாரத்துக்கு ஒரு அரை மணி நேரம் எல்லாரும் உட்கார்ந்து "இந்த வாரம் யாருக்கு எது வரல"ன்னு மட்டும் பேசுங்க. பொறுமை இல்லாதவங்கள, எவ்வளவு படிச்சிருந்தாலும், எடுக்காதீங்க.

ஏறுச்சா இல்லையான்னு எப்படி தெரிஞ்சிக்கறது

இங்கதான் நிறைய பேர் தன்னையறியாமலே தங்கள ஏமாத்திக்கறாங்க. அரையாண்டுல மார்க் கம்மியா வாங்கின 30 பேர எடுத்து க்ளாஸ் நடத்துவாங்க, முழு ஆண்டுல 20 பேருக்கு மார்க் ஏறியிருக்கும், உடனே ஃபோட்டோ, பேனர். ஆனா ஒரு பரீட்சைல கடைசில நிக்கிறவங்கள்ல நிஜமாவே பின்தங்கினவங்களும் இருப்பாங்க, அன்னைக்கு காய்ச்சலோட வந்தவனும் இருப்பான், வீட்டுல சண்டை நடந்து தூங்காம வந்தவளும் இருப்பா. அடுத்த பரீட்சைல இந்த ரெண்டாவது வகை ஆட்கள் நீங்க ஒண்ணுமே பண்ணலைன்னாலும் மேல வந்துடுவாங்க. அது உங்க க்ளாஸோட பலன் இல்ல.

இன்னொரு ஏமாத்து, ஒழுங்கா வந்த பசங்க மார்க்கையும் வராத பசங்க மார்க்கையும் ஒப்பிடறது. தினமும் வர்ற பிள்ளைக்கு பின்னாடி அனுப்பி வைக்கிற ஒரு அம்மாவோ பாட்டியோ இருக்காங்க, அந்தப் பிள்ளை க்ளாஸ் இல்லாமலும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

ஒழுங்கான வழி ஒண்ணு இருக்கு, செலவும் இல்ல. இடம் 30, கேட்டு வந்தது 55 பேர்னா, முதல்ல வந்தவங்களுக்கு முதல்லன்னு குடுக்காம எல்லார் முன்னாடியும் சீட்டு குலுக்கிப் போடுங்க, மிச்ச 25 பேருக்கு அடுத்த டேர்ம்ல இடம்னு சொல்லுங்க. பெத்தவங்களுக்கும் இது நியாயமா தெரியும், சிபாரிசும் வராது. ஆனா 55 பேருக்கும் ஆரம்பத்துல அதே டெஸ்ட், டேர்ம் கடைசிலயும் அதே அளவு கஷ்டத்துல ஒரு டெஸ்ட். ரெண்டு குரூப்புக்கும் நடுவுல உள்ள வித்தியாசம்தான் உங்க க்ளாஸ் பண்ணினது. இடம் கிடைச்சும் வராத பசங்கள கணக்குல இருந்து தூக்கிடாதீங்க, அவங்களும் 30க்குள்ளதான். 55 பேர்ல சின்ன வித்தியாசம் தற்செயலாவும் வரலாம், அதனால ஒரு டேர்ம்லயே தீர்ப்பு எழுதிடாம ரெண்டு மூணு டேர்ம் சேர்த்து பாருங்க.

எந்த டெஸ்ட்ல பாக்கறீங்கங்கறதும் முக்கியம். டெல்லி ஆய்வுல தனி டெஸ்ட்ல கணக்கு அவ்வளவு ஏறியும் ஸ்கூல் பரீட்சை கணக்குல உறுதியா சொல்ற மாதிரி ஏற்றம் தெரியல. காரணம் யோசிச்சா புரியும், மூணாம் க்ளாஸ் அளவுல இருந்த பையன் நாலாம் க்ளாஸ் அளவுக்கு வந்துட்டான், பரீட்சை பேப்பர் ஏழாம் க்ளாஸ்ல இருக்கு, அதுல அவனுக்கு முன்னயும் மார்க் இல்ல, இப்பவும் இல்ல. அதே ஆய்வுல மூணுல ஒரு பங்கு கடைசில நிக்கிற பசங்க, சென்டருக்கு போகாதவங்க, அத்தனை மாசம் ஸ்கூலுக்கு போயும் கிட்டத்தட்ட ஒண்ணுமே முன்னேறல. அதனால ஹெட்மாஸ்டருக்கும் பணம் குடுக்கறவங்களுக்கும் முதல் நாளே சொல்லிடுங்க, முதல் ஒரு வருஷம் நாங்க காட்டப்போறது வாசிப்பு படியும் கணக்கு படியும்தான், ரேங்க் கார்டு இல்லைன்னு. அப்புறமா சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்.

ஸ்கூல் நேரத்துல ஒரு பீரியட் கிடைக்குமான்னும் கேட்டு பாருங்க. நிக்காவ், ஓரியோபுலோஸ், குவான் 2020ல டியூஷன் பத்தி 96 குலுக்கல் ஆய்வுகள தொகுத்தப்ப ஸ்கூல் நேரத்துக்குள்ள நடந்தது, ஸ்கூல் விட்டப்புறம் நடந்தத விட அதிகமா பலன் குடுத்துச்சு. பசங்க ஏற்கனவே அங்க இருக்காங்க, களைப்பு கம்மி, வருகைப் பிரச்சனை பாதி தீர்ந்துடும். வாரத்துக்கு ரெண்டு பீரியட் கிடைச்சா கூட ரொம்ப பின்தங்கின குரூப்ப அங்க மாத்திடுங்க, சாயங்காலத்துல மத்தவங்களுக்கு இடம் கிடைக்கும்.

ஆரம்பிக்கறவங்களுக்கு அளவு பத்தி ஒண்ணு, 100 பிள்ளைங்கள வாரத்துக்கு ஒரு நாள் உட்கார வைக்கிற காசுல 25 பிள்ளைங்கள நாலு நாள் உட்கார வைக்கலாம். ரிப்போர்ட்ல 100 பேர்னு எழுதினா பெருசா தெரியும், பணம் குடுக்கறவங்களும் எத்தனை பேர்னுதான் முதல்ல கேப்பாங்க. நீங்க 25ஐ எடுத்துக்கோங்க, அடுத்த டேர்ம் லிஸ்ட்ட கைல வெச்சிக்கிட்டே பேசுங்க.